பரிசோதனைப் படங்களுக்காக ஒரு மாலை: திரையிடலை நடத்த முழுமையான வழிகாட்டி

கதைப்படம் ஓடும்போது ஒலி நின்றுபோனால் அரங்கில் யாராவது குரல் கொடுத்துவிடுவார்கள். கதையைவிடப் பிம்பத்தையும் ஒலியையும் வடிவத்தையும் சோதித்துப் பார்க்கும் பரிசோதனைப் படத்தில் அது நடக்காது. ஒலி நின்றாலும், திரை இரண்டு நிமிடம் கறுத்துக் கிடந்தாலும், படம் விட்டுவிட்டுத் துடித்தாலும், "இப்படித்தான் எடுத்திருப்பார்கள் போல" என்று பார்வையாளர் பொறுமையாக உட்கார்ந்திருப்பார். பழுதைப் பார்த்துவிட்டு, அதையே அந்தக் கலைஞரின் படைப்பு என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

ஆகவே எது படைப்பு, எது பழுது என்பது அன்று மாலை அந்த அறையில் ஒருவருக்காவது உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாமே அதற்காகத்தான். ஐம்பது அறுபது பேர் உட்காரும் அறை, ஒரு புரொஜெக்டர், ஒரு லேப்டாப், இரண்டு ஸ்பீக்கர் என்ற அளவுக்கு இது எழுதப்பட்டிருக்கிறது. எட்டு வாரம் முன்பே தொடங்கினால் நெருக்கடி இருக்காது.

1. படங்களுக்கு முன்னால் அறையைத் தேர்ந்தெடுங்கள்

புதிதாக நடத்துபவர்கள் முதலில் படங்களைச் சேர்த்துவிட்டுப் பிறகு இடம் தேடுவார்கள். கிடைத்த அறையில் வெளிச்சம் கசியும். பாதிப் படங்கள் அங்கே எடுபடாது. அறை முடிவான பிறகுதான் எந்தப் படத்தை அங்கே காட்ட முடியும் என்று தெரியும்.

நிகழ்ச்சி நடக்கப்போகும் அதே நேரத்தில் அறையைப் போய்ப் பாருங்கள். விளக்குகளை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் உட்காருங்கள். கண் இருட்டுக்குப் பழகிய பிறகு, கதவிடுக்கு, ஏ.சி. பெட்டியின் சிறு விளக்கு, தெருவிளக்கு எல்லாம் தெரிய ஆரம்பிக்கும். புரொஜெக்டர் கறுப்பு நிறத்தை உண்டாக்குவதில்லை. ஒளி விழாத திரைதான் கறுப்பு. அறையில் எவ்வளவு வெளிச்சம் இருக்கிறதோ அவ்வளவுக்குக் கறுப்பு சாம்பலாகிவிடும். இதைப் புரொஜெக்டரின் சக்தியைக் கூட்டிச் சரிசெய்ய முடியாது. தடித்த கறுப்புத் துணியும் டேப்பும் வேண்டும்.

திரை அகலத்தை அறையின் நீளம் தீர்மானிக்கிறது. புரொஜெக்டரின் த்ரோ விகிதம் 1.5 என்றால், 3 மீட்டர் அகலப் படத்துக்கு அது 4.5 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். விகிதத்தை அகலத்தால் பெருக்கினால் தூரம். கையேட்டில் இந்த எண் இருக்கும். அதைப் பார்க்காமல் திரையை வாடகைக்கு எடுக்காதீர்கள்.

ஒளி எவ்வளவு வேண்டும்? திரையரங்குகளின் வழக்கமான ஒளிர்வு சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா. 3 மீட்டர் அகலமுள்ள 16:9 படத்தின் பரப்பு சுமார் 5 சதுர மீட்டர். சாதாரண வெள்ளைத் திரையில் இந்த ஒளிர்வுக்குத் திரையில் போய்ச் சேர வேண்டியது ஏறக்குறைய 760 லூமன் ஒளிதான். நிறம் சரியாக வரும் சினிமா முறையில் ஓட்டும்போதும், விளக்கு பழையதாகும்போதும் பெட்டியில் எழுதியிருக்கும் அளவில் பாதி போய்விடலாம். எனவே நன்றாக இருட்டிய அறையில், இந்த அளவுத் திரைக்கு 2000 லூமன் போதும். 4 மீட்டர் அகலத்துக்கு 3000 வைத்துக்கொள்ளுங்கள்.

தரை சமதளமாக இருந்தால் திரையின் கீழ் விளிம்பு 1.2 மீட்டருக்குக் கீழே வரக்கூடாது. வந்தால் முன்வரிசைத் தலைகள் சப்டைட்டிலை மறைக்கும். நாற்காலிகளை வரிசைக்கு வரிசை அரை நாற்காலி தள்ளிப் போடுவதும் உதவும்.

கடைசியாக, அறையின் சத்தம். பக்கத்து அறையில் அன்று மாலை என்ன நடக்கிறது என்று கேட்டு வையுங்கள். ஒலியே இல்லாத படம் ஓடும்போது சுவருக்கு அப்பால் நடக்கும் கூட்டம் அந்தப் படத்தின் ஒலித்தடமாகிவிடும்.

2. அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்

இணையத்தில் இலவசமாகப் பார்க்கக் கிடைக்கிறது என்பது பொதுத் திரையிடலுக்கான அனுமதி ஆகாது. டிக்கெட் இல்லாத நிகழ்ச்சிக்கும் இது பொருந்தும். டிவிடி வாங்கியிருப்பதும் வீட்டில் பார்ப்பதற்கான உரிமைதான்.

பெரும்பாலான கலைஞர்களிடம் நேரடியாகவே கேட்கலாம். பழைய படைப்புகளும் நிலைபெற்ற கலைஞர்களின் படைப்புகளும் விநியோக அமைப்புகளிடம் இருக்கும். நியூயார்க்கின் ஃபிலிம்மேக்கர்ஸ் கோஆபரேட்டிவ், சான் ஃபிரான்சிஸ்கோவின் கேன்யன் சினிமா, பாரிஸின் லைட் கோன், லண்டனின் லக்ஸ், வியன்னாவின் சிக்ஸ்பேக்ஃபில்ம் ஆகியவை பரிசோதனைப் படங்களுக்கு முக்கியமானவை. வீடியோ கலை என்றால் நியூயார்க்கின் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் இன்டர்மிக்ஸ், சிகாகோவின் வீடியோ டேட்டா பேங்க். இவற்றின் பட்டியல்களை இணையத்திலேயே தேடலாம். எந்தப் படம் எந்த வடிவில் கிடைக்கும் என்பதும் பொதுவாக அங்கேயே இருக்கும்.

முதல் கடிதத்திலேயே இவற்றை எழுதிவிடுங்கள்: தேதி, இடம், எத்தனை இருக்கை, எத்தனை முறை காட்டப்போகிறீர்கள், டிக்கெட் உண்டா, நீங்கள் தரக்கூடிய கட்டணம், உடன் காட்டப்படும் மற்ற படங்கள், எந்தக் கருவியில் ஓட்டப்போகிறீர்கள். தொகையைச் சொல்லாமல் "ஆர்வமாக இருக்கிறோம்" என்று மட்டும் எழுதினால் பதில் வர வாரக்கணக்காகும். கடிதம் பெற்றவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது அதிகம் இருப்பதுதான் காரணம்.

எல்லாக் கலைஞர்களுக்கும் ஏதாவது ஒரு கட்டணம் ஒதுக்குங்கள். சிறிய தொகையாக இருந்தாலும் சமமாக இருக்கட்டும், அல்லது நிமிடக் கணக்கில் இருக்கட்டும். அரங்கு வாடகைக்கும் அச்சுக்கும் பணம் கொடுத்துவிட்டு, படம் எடுத்தவருக்கு மட்டும் இல்லை என்று சொல்வது சரியில்லை.

அனுமதிக் கடிதத்தில் இன்னும் இரண்டைக் கேட்டு வாங்குங்கள். விளம்பரத்துக்கு எந்தப் படத்துண்டை, எந்த நிழற்படத்தைப் பயன்படுத்தலாம்? கலைஞரின் பெயரும் படத்தின் பெயரும் எப்படி எழுதப்பட வேண்டும்? தமிழில் அச்சிடும்போது வெளிநாட்டுப் பெயர்களின் உச்சரிப்பை அவரிடமே கேட்டால் தவறாது.

3. வரிசையை அமையுங்கள்

படங்களின் மொத்த நீளம் 60 முதல் 75 நிமிடம். இதுதான் எல்லை. கதை இழுத்துச் செல்லாத படங்களைப் பார்க்க உழைப்பு வேண்டும். இரண்டு மணி நேரம் வைத்தால் கடைசி மூன்று படங்கள் களைத்த கண்களுக்கு முன்னால் ஓடும். அவற்றை எடுத்தவர்களுக்கு அது அநியாயம். ஆறு முதல் ஒன்பது படங்கள் இந்த நேரத்துக்குள் வசதியாக அடங்கும்.

முதல் படம் 3 முதல் 6 நிமிடத்துக்குள் இருக்கட்டும். தாமதமாக வருபவர்கள் அது முடிந்ததும் உள்ளே வரலாம். நீளமான படத்தை நடுவுக்குச் சற்று முன்னால் வையுங்கள். கடைசியில் வைத்தால், நேரம் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அதன் நடுவில் எழுந்து போவார்கள்.

பேரொலிப் படத்துக்கு உடனே பின்னால் மௌனப் படத்தைப் போடாதீர்கள். காது இன்னும் முந்தைய ஒலியிலேயே இருக்கும். மௌனம் வெறுமையாகத் தோன்றும். இடையில் மெல்லிய ஒலியுள்ள படம் ஒன்று வந்தால் காது இறங்கி வரும். அதேபோல ஒரே வகை உத்தி கொண்ட இரண்டு படங்கள் அடுத்தடுத்து வந்தால் இரண்டாவது நகலாகத் தெரியும்.

வேகமாக மின்னும் படங்கள் தனிக் கவனம் கேட்பவை. ஒரு நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னும் படம் ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்களைப் பாதிக்கலாம். அத்தகைய படத்தைக் கடைசியில் அல்லது இடைவேளைக்கு முன்னால் வையுங்கள். வெளியே போக வேண்டியவர் மற்றப் படங்களை இழக்காமல் போக முடியும். அறிவிப்பில், வாசலில், படத்துக்கு முன் வாய்மொழியாக என்று மூன்று இடத்தில் சொல்லுங்கள். எச்சரிப்பது கலையின் அதிர்ச்சியைக் கெடுக்கும் என்று சிலர் வாதிடுவார்கள். அந்த வாதத்தை ஏற்காதீர்கள்.

அருங்காட்சியக அறையில் சுழன்று ஓடுவதற்காகச் செய்யப்பட்ட வீடியோவுக்குத் தொடக்கமும் முடிவும் இருக்காது. அதை இருக்கையில் உட்காரவைத்துக் காட்டலாமா, எங்கே வெட்டுவது என்பதைக் கலைஞர்தான் முடிவுசெய்ய வேண்டும். இரண்டு மூன்று திரைகளுக்கான படைப்பை ஒரே திரையில் அடுக்கிக் காட்டுவதும் அப்படியே.

4. கோப்பை இப்படிக் கேட்டு வாங்குங்கள்

"நல்ல தரத்தில் அனுப்புங்கள்" என்று எழுதினால் எட்டுப் பேர் எட்டு விதமாக அனுப்புவார்கள். தெளிவாகக் கேளுங்கள்: புரோரெஸ் 422 எச்.க்யூ. (குறைவாகச் சுருக்கிய வீடியோ வடிவம்), அல்லது நொடிக்கு 20 மெகாபிட்டுக்குக் குறையாத எச்.264 (அதிகம் சுருக்கும் பொதுவான வடிவம்). படம் எடுக்கப்பட்ட அதே ஃபிரேம் வேகத்தில், ஸ்டீரியோ ஒலியோடு, 48 கிலோஹெர்ட்ஸில். இணையத் தளத்திலிருந்து இறக்கிய கோப்பு வேண்டாம். மணல், பனி, பிலிம் துகள், டிவி இரைச்சல் போன்ற பிம்பங்களை அந்தச் சுருக்கம் முதலில் கெடுத்துவிடும். பரிசோதனைப் படங்கள் வாழ்வதே அந்தத் துகள்களில்தான்.

அளவையும் கணக்கில் கொள்ளுங்கள். முழு எச்.டி., 25 ஃபிரேமில் 10 நிமிடப் புரோரெஸ் எச்.க்யூ. கோப்பு ஏறக்குறைய 14 ஜி.பி. வரும். ஃபேட்32 முறையில் அமைத்த பென்டிரைவ் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

திரையரங்கில் நடத்துவதாக இருந்தால் டி.சி.பி. (திரையரங்குக் கருவிகளுக்கான டிஜிட்டல் படத்தொகுப்பு) கேட்பார்கள். டி.சி.பி.-ஓ-மேட்டிக் என்ற இலவச மென்பொருளில் அதை உருவாக்கலாம். பூட்டப்பட்ட டி.சி.பி. வந்தால் அதைத் திறக்கும் கே.டி.எம். சாவி ஒரு குறிப்பிட்ட சர்வருக்கும் ஒரு குறிப்பிட்ட கால அளவுக்கும் மட்டுமே செல்லும். ஒத்திகை நாளும் அந்தக் கால அளவுக்குள் வருகிறதா என்று பாருங்கள்.

கோப்போடு கலைஞரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்தான் இந்த வழிகாட்டியிலேயே முக்கியமானவை:

- சரியான நீளம் எத்தனை நிமிடம், எத்தனை நொடி?
- படம் உண்மையிலேயே ஒலியற்றதா?
- கறுப்பாகவோ வெள்ளையாகவோ நிற்கும் பகுதிகள் எங்கெங்கே, எவ்வளவு நேரம்?
- வேண்டுமென்றே வைத்த இரைச்சல், தாவல், நிறப்பிறழ்வு, ஒலி அறுபடல் எவை?
- படச்சட்டத்தின் விகிதம் என்ன? 4:3, 1.85, 2.39?
- ஒலி எவ்வளவு உரக்க இருக்க வேண்டும்?
- முதல் பிம்பம் எது, கடைசிப் பிம்பம் எது?

பதில்களை அப்படியே சேமித்து வையுங்கள். பத்தாவது படியில் இவை இல்லாமல் வேலை நடக்காது.

5. ஒவ்வொரு கோப்பையும் முழுதாகப் பாருங்கள்

முதல் ஒரு நிமிடம், நடுவில் ஒரு நிமிடம் என்று தட்டிப் பார்ப்பது போதாது. பதிவிறக்கம் பாதியில் அறுந்த கோப்பு தொடக்கத்தில் நன்றாகவே ஓடும். கடைசி நொடி வரை பார்த்து, கலைஞர் சொன்ன நீளத்தோடும் கடைசிப் பிம்பத்தோடும் ஒப்பிடுங்கள்.

அதற்கு முன்னால் மீடியா இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து ஃபிரேம் வேகம், பட அளவு, ஒலித்தடங்கள், நிற வரம்பு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாத பிரச்சினைகள் அங்கே எண்ணாகத் தெரியும்.

*ஃபிரேம் வேகம்.* 25 ஃபிரேம் படத்தை 60 ஹெர்ட்ஸில் ஓட்டினால் சில ஃபிரேம்கள் இரண்டு முறையும் சில மூன்று முறையும் காட்டப்படும். கேமரா மெதுவாக நகரும் காட்சிகள் இடறும். லேப்டாப்பின் வெளியீட்டை 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். 24 ஃபிரேம் படத்துக்கு 24 அல்லது 48. எல்லாப் படத்தையும் ஒரே வேகத்துக்கு மாற்றி எழுதிவிடலாமே என்று தோன்றும். ஃபிரேம் ஃபிரேமாக வெட்டி ஒட்டிய படத்தில் அப்படிச் செய்தால் அடுத்தடுத்த ஃபிரேம்கள் ஒன்றோடொன்று கலந்து குழம்பிவிடும். கலைஞர் மாதக்கணக்கில் செய்த வேலை அதில் அழியும்.

*படச்சட்டம்.* 4:3 படம் இருபுறமும் கறுப்புப் பட்டையோடுதான் தெரிய வேண்டும். திரையை நிரப்புவதற்காக இழுக்காதீர்கள். வட்டமான ஏதாவது பொருள் படத்தில் வந்தால் அது வட்டமாக இருக்கிறதா பாருங்கள். பழைய வீடியோ டேப்பிலிருந்து எடுத்த 720×576 கோப்புகளில் இந்தப் பிழை அதிகம்.

*சீப்புக் கோடுகள்.* அசையும் பொருளின் ஓரத்தில் சீப்புப் பற்கள் போலக் கிடைக்கோடுகள் தெரிந்தால் அது இன்டர்லேஸ் செய்த வீடியோ, அதாவது ஒற்றைக் கோடுகளையும் இரட்டைக் கோடுகளையும் மாறி மாறிப் பதிவுசெய்தது. பிளேயரில் டீஇன்டர்லேஸை இயக்குங்கள். ஆனால் சில வீடியோ கலைஞர்கள் அந்தக் கோடுகளையே பயன்படுத்துவார்கள். கேட்காமல் நீக்கக்கூடாது.

*5.1 ஒலி.* ஆறு தடக் கோப்பைச் சாதாரண லேப்டாப்பில் ஓட்டும்போது சில அமைப்புகளில் இடது, வலது மட்டும் வெளியே வந்து, பேச்சு இருக்கும் நடுத்தடம் காணாமல் போகும். மங்கிய பின்னணி ஒலி மட்டும் கேட்கும். அதுவும் ஒரு அழகியல் என்று நினைத்து யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஸ்டீரியோவாக்கிய கோப்பை அனுப்பச் சொல்லுங்கள்.

*தமிழ் சப்டைட்டில்.* தனிக் கோப்பாக இருந்தால் அது யூனிகோடில், யு.டி.எஃப்-8 குறியீட்டில் சேமிக்கப்பட்டிருக்க வேண்டும். படத்தோடு பதிக்கப்பட்டிருந்தால் கொம்புகளைப் பாருங்கள். தெற்காசிய எழுத்துமுறைக்கான அமைப்பை இயக்காத எடிட்டிங் மென்பொருளில் "கொ", "தெ" போன்றவை உடைந்து, கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். தமிழ் தெரியாத எடிட்டருக்கு அது தெரியவே தெரியாது.

6. பிளேலிஸ்ட்டா, ஒரே கோப்பா?

எல்லாப் படங்களும் ஒரே ஃபிரேம் வேகம், ஒரே அளவு என்றால் இடையில் கறுப்பு வைத்து ஒரே கோப்பாகத் தைத்துவிடலாம். இயக்குபவருக்கு அன்று வேலை குறைவு. வேகங்கள் கலந்திருந்தால் பிளேலிஸ்ட்தான் சரி. தயக்கம் இருந்தால் பிளேலிஸ்ட்டையே தேர்ந்தெடுங்கள். ஒரு படம் சிக்கினாலும் அதைத் தாண்டி அடுத்ததுக்குப் போக முடியும்.

எல்லாக் கோப்புகளையும் லேப்டாப்பின் உள்வட்டிலேயே நகலெடுங்கள். பென்டிரைவிலிருந்தோ இணையத்திலிருந்தோ நேராக ஓட்டாதீர்கள். பெயர்களை 01, 02 என்று எண்ணில் தொடங்குங்கள். இரண்டு படங்களுக்கு இடையில் 10 நொடிக் கறுப்புக் கோப்பு ஒன்றைப் போடுங்கள். முந்தைய படம் மனதில் அடங்க அந்த நேரம் வேண்டும்.

வி.எல்.சி. பயன்படுத்தினால் படம் தொடங்கும்போது கோப்பின் பெயரைத் திரையில் காட்டும் வசதியை அணையுங்கள். அமைப்புகளில் சப்டைட்டில் பகுதிக்குள் அது இருக்கிறது. கறுப்பிலிருந்து மெல்ல எழும் முதல் பிம்பத்தின் மேல் "03_இறுதி_புதியது" என்று எழுத்து மிதப்பது, ஒரு நொடியில் நீக்கக்கூடிய, ஆனால் எங்கும் காணப்படும் பிழை. அறிவிப்புகள், ஸ்கிரீன் சேவர், தூக்க முறை, தானியங்கிப் புதுப்பிப்பு எல்லாம் அணைந்திருக்கட்டும். திரையை நகலாக்காமல் நீட்டித்து வையுங்கள். புரொஜெக்டர் திரையின் பின்னணிப் படம் வெறும் கறுப்பாக இருக்கட்டும்.

7. புரொஜெக்டரை அமையுங்கள்

வரிசை இது: முதலில் இடம், பிறகு மட்டம், பிறகு ஜூம், பிறகு ஃபோகஸ், கடைசியில் நிறம். முன்னதை மாற்றினால் பின்னது எல்லாம் மாறும்.

திரையின் நடுவுக்கு நேராக வையுங்கள். படம் சரிவகமாகச் சாய்ந்தால் கருவியை நகர்த்துங்கள், அல்லது லென்ஸை மட்டும் நகர்த்தும் லென்ஸ் ஷிஃப்ட் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். சாய்வைக் கணக்கிட்டு நேராக்கும் டிஜிட்டல் கீஸ்டோனைத் தொடாதீர்கள். அது ஒவ்வொரு புள்ளியையும் மறுகணக்கிடுகிறது. நுண்ணிய கோடுகளால் ஆன படத்தில் இல்லாத அலைவடிவங்கள் தோன்றும்.

படமுறையை "சினிமா" என்று வையுங்கள். அசைவை மென்மையாக்கும் வசதி, கூர்மையைக் கூட்டும் வசதி, காட்சிக்கேற்ப ஒளியைத் தானாக மாற்றும் வசதி, படத்தின் ஓரங்களை வெட்டும் ஓவர்ஸ்கேன் ஆகிய நான்கையும் அணையுங்கள். தானாக ஒளி மாற்றும் வசதி இருண்ட படத்தில் விளக்கைக் குறைத்து, திடீரென்று வரும் ஒரு வெள்ளை ஃபிரேமை மங்கடித்துவிடும்.

கறுப்புகள் சாம்பலாகத் தெரிந்தாலோ இருளில் உள்ள விவரங்கள் மொத்தமாக அடைபட்டாலோ எச்.டி.எம்.ஐ. நிற வரம்பைப் பாருங்கள். லேப்டாப் அனுப்பும் வரம்பும் புரொஜெக்டர் எதிர்பார்க்கும் வரம்பும், ஒன்று 0 முதல் 255, மற்றது 16 முதல் 235 என்று வேறுபட்டால் இப்படி ஆகும். இரண்டையும் ஒன்றாக்கினால் சரியாகிவிடும்.

கேபிள் 10 மீட்டரைத் தாண்டினால் சாதாரண எச்.டி.எம்.ஐ. நம்பத்தக்கதில்லை. ஆப்டிகல் எச்.டி.எம்.ஐ. எடுங்கள். அதற்குத் திசை உண்டு. மூலம் எது, திரை எது என்று முனையில் எழுதியிருக்கும். மாற்றிச் செருகினால் படமே வராது.

8. ஒலியை அமையுங்கள்

ஸ்பீக்கர்களைத் திரையின் இருபுறமும், உட்கார்ந்தவர்களின் காதுக்குச் சற்று மேலே வையுங்கள். கூரை ஸ்பீக்கர்கள் வேண்டாம். புளூடூத் ஒருபோதும் வேண்டாம். அது ஒலியைத் தாமதப்படுத்தும். உதடசைவு இல்லாத படத்தில் அந்தப் பிசகை யாரும் கண்டுபிடிக்கவும் முடியாது.

உறுமல் கேட்டால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் அது கிரவுண்ட் லூப், அதாவது கருவிகளின் எர்த் இணைப்புகள் வளையமாகி வரும் இரைச்சல். லேப்டாப், மிக்சர், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒரே மின்பலகையில் செருகுங்கள், அல்லது இடையில் அந்த இணைப்பைத் துண்டித்து ஒலியை மட்டும் கடத்தும் டி.ஐ. பாக்ஸ் ஒன்றை வையுங்கள். உறுமலோடு நிகழ்ச்சியைத் தொடங்காதீர்கள். மௌனப் படம் அதில் மூழ்கிவிடும்.

படத்துக்குப் படம் ஒலியளவு மாறும். ஒளிபரப்புக்காகக் கலந்த படம் மைனஸ் 23 எல்.யு.எஃப்.எஸ்.-லும் (காதுக்குக் கேட்கும் உரப்பின் அளவுகோல்), இணையத்துக்காகக் கலந்தது மைனஸ் 14 வாக்கிலும் இருக்கலாம். 9 டெசிபெல் வித்தியாசம் என்பது பெரியது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே அளவுக்குச் சமன் செய்யும் மென்பொருளைப் பயன்படுத்தாதீர்கள். கிசுகிசுப்பாக இருக்க வேண்டிய படம் இரையத் தொடங்கும். ஒவ்வொரு படத்துக்கும் மிக்சரில் எந்த எண் என்று கேட்டுப் பார்த்துக் குறியுங்கள். மிக உரத்த படம் இருந்தால் வாசலில் காதடைப்பான்களை வையுங்கள்.

ஆட்கள் நிறைந்த அறை ஒலியை உறிஞ்சும். காலி அறையில் சரியாகத் தோன்றுவதைவிட இரண்டு மூன்று டெசிபெல் கூடுதல் தேவைப்படும்.

9. பிலிம் சுருள் இருந்தால்

16 எம்.எம். சுருள் 24 ஃபிரேமில் நிமிடத்துக்கு 36 அடி ஓடும். 400 அடிச் சுருள் சுமார் 11 நிமிடம். மௌனப் படமாக இருந்தால் 18 ஃபிரேமா 24-ஆ என்று கலைஞரிடம் கேளுங்கள். சூப்பர் 8-இன் 50 அடிச் சுருள் 18 ஃபிரேமில் 3 நிமிடம் 20 நொடி.

ஒட்டுகளை முன்பே விரலால் தடவிச் சோதியுங்கள். புரொஜெக்டரில் பிலிம் ஒளிக்கு முன் கடந்துபோகும் கேட்டை ஒவ்வொரு சுருளுக்கும் முன்னால் தூரிகையால் துடையுங்கள். உதிரி விளக்கு ஒன்று கையில் இருக்கட்டும். சுற்றும் ரீல் கொடுக்கும் ரீலைவிடச் சிறியதாக இருக்கக்கூடாது. இதை முன்பு இயக்கிப் பழகியவர் ஒருவர் இல்லையென்றால் பிலிமை ஏற்காதீர்கள். கலைஞரிடம் அந்த ஒரே பிரதிதான் இருக்கலாம்.

பிலிமிலிருந்து டிஜிட்டலுக்கு மாறும் இடத்தை இடைவேளையாக்கிக்கொண்டால் அவசரம் இருக்காது.

10. கியூ ஷீட்டும் ஒத்திகையும்

ஒரு தாளில், பெரிய எழுத்தில், படத்துக்கு ஒரு வரி: எண், பெயர், கோப்புப் பெயர், நீளம், வெளியீட்டு ஹெர்ட்ஸ், சட்டவிகிதம், ஒலி எண், முதல் பிம்பம், கடைசிப் பிம்பம். இதோடு இன்னொரு பத்தியும் வேண்டும்: "கைவைக்காதே". கலைஞர் சொன்ன கறுப்பு, மௌனம், இரைச்சல், தாவல் எல்லாம் நிமிடக் கணக்கோடு அங்கே வரும். உதாரணமாக, "4:10 முதல் 6:05 வரை கறுப்பு, ஒலி மட்டும். தொடரும்."

இந்தப் பத்தி இல்லாததால் நடப்பது இதுதான்: திரை கறுக்கிறது, இயக்குபவர் படம் முடிந்தது என்று விளக்கைப் போடுகிறார், பார்வையாளர்கள் கைதட்டுகிறார்கள், படத்தின் இரண்டாம் பாதி வெளிச்சத்தில் ஓடுகிறது. இதற்கு நேர்மாறாக, கேபிள் கழன்று நிஜமாகவே திரை கறுத்தபோது இயக்குபவர் மரியாதையோடு காத்திருப்பதும் உண்டு. தாளில் இல்லாத கறுப்பு என்றால் உடனே எழுந்து பார்க்கலாம்.

ஒத்திகையை அதே அறையில், அதே லேப்டாப், அதே கேபிள், அதே இருட்டில் செய்யுங்கள். முந்தைய நாள் என்றால் நல்லது. எல்லாப் படத்தையும் முழுதாக ஓட்ட நேரமில்லையென்றால், ஒவ்வொன்றின் முதல் 30 நொடி, மிக உரத்த இடம், மிக இருண்ட இடம், கடைசி 30 நொடி, அடுத்த படத்துக்கு மாறும் இடம் ஆகியவற்றையாவது பாருங்கள். ஒருவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்க்கட்டும். விளக்கணைப்பையும் ஒத்திகை பாருங்கள். சுவிட்ச் எங்கே, யார் கை என்பது அன்றைக்குத்தான் தெரியும் என்றால் தாமதம்.

11. அன்று மாலை

இரண்டு மணி நேரம் முன்னதாக எல்லாம் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். விளக்கு சூடேறி நிறம் நிலைக்க 20 நிமிடமாவது எடுக்கும். ஃபோகஸை அதற்குப் பிறகு ஒருமுறை பாருங்கள். சூட்டில் அது நகரும்.

நால்வர் போதும்: இயக்குபவர், விளக்கும் கதவும் பார்ப்பவர், வாசலில் ஒருவர், பேசுபவர். இயக்குபவரே அறிமுகமும் பேசுவது கூடாது.

அறிமுகம் 5 நிமிடத்துக்குள். படங்களுக்குப் பொருள் சொல்லாதீர்கள். எத்தனை படம், மொத்தம் எவ்வளவு நேரம், எது மௌனப் படம், எது மின்னும், இடைவேளை உண்டா, வெளியேறும் வழி எது. மௌனப் படத்தை முன்கூட்டிச் சொன்னால், ஒலி வரவில்லையே என்று யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அச்சிட்ட தாளில் பெயர், கலைஞர், ஆண்டு, நீளம், மூல வடிவம் இருக்கட்டும். கைபேசி வெளிச்சத்தில் வாசிக்க வேண்டிய நிலை வராமல் இருக்கையிலேயே முன்கூட்டி வையுங்கள். தாமதமாக வருபவர்களைப் படங்களுக்கு இடையிலுள்ள கறுப்பில் மட்டும் உள்ளே விடுங்கள். அவசர வழியின் விளக்கை எந்தக் காரணத்துக்காகவும் மறைக்காதீர்கள்.

உரையாடல் இருந்தால் 20 நிமிடம். கடைசிப் படத்தின் பெயர்ப்பட்டியல் முழுதாக முடிந்து, ஐந்து நொடி கழித்து விளக்கு மெதுவாக ஏறட்டும். "இதற்கு என்ன அர்த்தம்?" என்ற கேள்வி எப்படியும் வரும். பேசுபவர் முன்னதாக, "எதில் எடுத்தீர்கள், எப்படி வெட்டினீர்கள்?" என்று செய்முறையைக் கேட்டுவிட்டால் உரையாடல் பொருளுள்ளதாகத் தொடங்கும்.

12. ஏதாவது நின்றுபோனால்

கியூ ஷீட்டைப் பாருங்கள். அது படத்தின் பகுதி இல்லையென்றால் உடனே நிறுத்துங்கள். சரியாகிவிடும் என்று காத்திருந்து, பாதிப் பழுதோடு ஓட்டி முடிப்பது கலைஞருக்கும் பார்வையாளருக்கும் செய்யும் தவறு. மங்கிய விளக்கைப் போட்டு, "இது பழுது, படத்தில் இல்லை" என்று தெளிவாகச் சொல்லுங்கள். 8 நிமிடப் படம் என்றால் முதலிலிருந்து மறுபடி போடுங்கள். 25 நிமிடப் படம் என்றால் நின்ற இடத்துக்கு ஒரு நிமிடம் முன்னாலிருந்து.

சோதிக்கும் வரிசை: கேபிள், புரொஜெக்டரின் உள்ளீடு, லேப்டாப்பின் திரை அமைப்பு, பிளேயர், கோப்பு. அதே கோப்புகள், அதே பிளேயர் அமைப்புகள் கொண்ட இரண்டாவது லேப்டாப் பக்கத்தில் இயங்கிக்கொண்டிருந்தால், மூன்று நிமிடத்துக்குள் சரியாகாத எதற்கும் அதற்கு மாறிவிடலாம். மாறியதும் ஒலியளவைக் குறைத்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள்; இரண்டாவது கருவியின் அளவு வேறாக இருக்கும்.

13. முடிந்த பிறகு

ஒரு வாரத்துக்குள் கட்டணத்தை அனுப்புங்கள். எத்தனை பேர் வந்தார்கள், படம் எப்படி ஓடியது, ஏதாவது பழுது நேர்ந்ததா என்று ஒவ்வொரு கலைஞருக்கும் எழுதுங்கள். தன் படம் தொலைவில் ஒரு இருட்டறையில் ஓடியதை நேரில் பார்க்காதவருக்கு, அந்த அறையின் ஒரு நிழற்படமும் அச்சிட்ட தாளின் ஒரு பிரதியும் அனுப்பினால் மகிழ்ச்சி.

அனுமதி ஒரு திரையிடலுக்கு மட்டும் என்றால் இரண்டு லேப்டாப்பிலிருந்தும் பென்டிரைவிலிருந்தும் கோப்புகளை அழித்துவிட்டு, அழித்ததையும் எழுதித் தெரிவியுங்கள். பிலிம் சுருளை வந்த பெட்டியிலேயே, எந்த முனை வெளியே இருக்கிறது என்று எழுதி ஒட்டித் திருப்பி அனுப்புங்கள். கியூ ஷீட்டை மட்டும், அன்று மாற்றிய ஒலி எண்களைத் திருத்தி எழுதி, அறையின் பெயரோடு கோப்பில் போட்டு வையுங்கள்.